வேலிக்காத்தான் எதைக் காத்தான்?

"சும்மா கிடக்கிற நிலம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவன். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போகும் வண்டியில் ஆயுசில் பாதி கழிந்தது. டிப்போவில் என் வண்டி நின்றால் சும்மாதானே நிற்கிறது என்று யாரும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. நிலம் என்றால் மட்டும் எல்லோருக்கும் கை அரிக்கிறது. அதில் எதையாவது கட்ட வேண்டும், வெட்ட வேண்டும், நட வேண்டும். எதுவும் தோன்றாவிட்டால் ஒரு போர்டாவது வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஊரணி. ஊரணிக் கரையில் நின்று பார்த்தால் கடலோரத்துப் பனைகள் தெரியும். இடையில் ஒரு மரம் கிடையாது. எழுபத்து நாலில் நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அய்யாவோடு செம்மறி பத்திக்கொண்டு போனது அந்தப் பொட்டலுக்குத்தான். ஐப்பசி மழை விழுந்ததும் புல் கிளம்பும். தை மாதத்தில் முழங்கால் உயரம் நிற்கும். மாசியில் மஞ்சளாகி, சித்திரையில் ஆடு கரம்பி முடித்தபின் மண்ணும் சரளையும் வெளியே தெரியும். அந்தச் சமயத்தில் வந்து பார்க்கிற வெளியூர்க்காரனுக்கு அது வழுக்கைத் தலை மாதிரிதான் இருந்திருக்கும். வழுக்கை என்றால் எண்ணெய் விற்கிறவனுக்கு ஆசை வரத்தானே செய்யும்.

ஆனால் அது வெறும் இடமில்லை. புல் நிற்கும் மாதங்களில் நாம் கால் வைக்கிற இடத்திலிருந்து காடை சட்டென்று கிளம்பி நெஞ்சை அடைக்க வைக்கும். வானம்பாடி நேராக மேலே ஏறி, புள்ளியாகி, அங்கே நின்று பாடிவிட்டுக் கல் விழுகிற மாதிரி கீழே இறங்கும். பனிக்காலத்தில் பூனைப்பருந்துகள் வரும். அவை மரத்தைத் தேடாது. புல்லுக்குள்ளேயே தரையில் இரவு தங்கும். கல்கவுதாரி என்று ஒன்று உண்டு, மண் நிறத்தில், புறா அளவில். வெயில் ஏறிய பிறகு கூட்டம் கூட்டமாக ஊரணிக்குத் தண்ணீர் குடிக்க வரும். நேரே தண்ணீரில் இறங்காது. சற்றுத் தள்ளிக் கட்டாந்தரையில் இறங்கி, நாலு பக்கமும் பார்த்து, நடந்து போய்க் குடிக்கும். நரியோ நாயோ ஒளிய இடமில்லை என்று தெரிந்தால்தான் அதற்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கும்.

ஆக்காட்டிக் குருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதனால்தான். அது கூடு கட்டுகிற ஜாதி இல்லை. கோடையில், சரளைக் கல்லுக்கு நடுவே, கல்லோடு கல்லாக முட்டை இட்டுவிடும். நாம் குனிந்து பார்த்தாலும் தெரியாது. அதற்குப் பாதுகாப்பு என்பது கண்தான். எவ்வளவு தூரத்தில் ஆள் வந்தாலும் பார்த்துவிடும். பார்த்ததும் எழுந்து நடந்து விலகி, வேறொரு இடத்தில் போய் நின்றுகொண்டு ஊரைக் கூட்டும். அது கத்தினால் மந்தையைத் திருப்பிவிட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னால் போகிற ஆடு திரும்பும், பின்னால் வருவது திரும்பும், நாங்களும் திரும்புவோம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் காப்பாற்ற வேண்டும் என்றாலும் சுற்றி முள் வைத்துவிடுவோம். கத்திரி நாற்றுக்கு முள். வைக்கோல் படப்புக்கு முள். காயப்போட்ட மிளகாய்க்கு முள். மண்டபம் பக்கத்தில் யாரோ வாங்கிப் போட்ட மனைக்கு முள். காவலுக்கு ஆள் வைக்க முடியாத ஊரில் முள்தான் காவல்காரன். மழை பொய்க்கிற இந்தச் சீமையில் விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும் என்று சொல்லிச் சர்க்கார் சீமைக்கருவை விதை கொடுத்தபோது எங்கள் ஆட்கள் ஏன் அப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும். நாங்கள் அதைக் கருவை என்போம். ஆபீஸ் ஆட்களும் வடக்கத்திக்காரர்களும் வேலிக்காத்தான் என்பார்கள். வேலியைக் காத்தானாம். எதைக் காத்தான் என்று கேட்கிறேன். வேலியை மட்டும் காத்தான். வேலிக்கு உள்ளே இருந்ததை முழுங்கி ஏப்பம் விட்டான்.

எங்கள் ஆட்டின் மேலும் பழி உண்டு, மறைக்கவில்லை. கருவை நெற்றைத் தின்றுவிட்டுப் போகிற வழியெல்லாம் புழுக்கையோடு விதையைப் போட்டுக்கொண்டுதான் போயின. அய்யா காலத்தில் முளைத்ததை அப்போதைக்கப்போது கொத்திப்போட்டார்கள். பிறகு கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்தார்கள். மரம் காசாகிற பொருள் ஆனதும் கொத்துகிற கை நின்றுபோனது.

எண்பதுகளில் நான் வேலையில் சேர்ந்தேன். அதிலிருந்து அந்த நிலம் துண்டாவதை முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். முதலில் சாலையை மேடாக்கினார்கள். அதற்கு மண் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது. பள்ளத்தின் கரையெல்லாம் கருவை. கடல் பக்கம் கொஞ்சம் உப்பளத்துக்குப் போனது. அதை ஒட்டி இறால் பண்ணைகள் வந்தன. பண்ணையில் செத்த இறாலைக் கொட்டினார்கள். அதைத் தின்ன நாய்களும் காக்காய்களும் வந்து பெருகின. தெற்கே ஒரு பகுதியில் கல் ஊன்றி, வெள்ளையடித்து, ஏதோ நகர் என்று வளைவு வைத்தார்கள். அந்த நகரில் இன்று வரை ஒரு வீடு கிடையாது. வளைவு மட்டும் இருக்கிறது, அதில் காக்காய் கூடு கட்டுகிறது.

"இன்னும் நிறைய இடம் கிடக்குல்ல" என்று டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் கேட்பார்கள். இவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு வேட்டியை நாலாகக் கிழித்தால் நாலு வேட்டி கிடைக்காது, நாலு துண்டுதான் கிடைக்கும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக முடியுமா? பெரிய பொட்டலுக்கு நடு என்று ஒன்று இருந்தது. அந்த நடுவில் உட்கார்ந்த ஆக்காட்டிக்கு எதிரி வருவது தொலைவிலேயே தெரிந்தது. துண்டு நிலத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஓரம்தான். ஓரத்தில் கருவை, கருவையில் காக்காய், அடியில் கீரி. மேலே இருந்து ஒருத்தன் நாள் முழுக்க வேவு பார்க்கிற வீட்டில் யார் பிள்ளை பெற்று வளர்ப்பார்கள்? புல் அப்படியே இருந்தது, குருவி இல்லை. புல் இருக்கிறதே, குருவி ஏன் போனது என்று கேட்கிறவனிடம் பேசிப் பேசியே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது.

கடைசியில் மிஞ்சியது ஊரணியை ஒட்டிய துண்டு. ஊர்ப் பொது நிலம். மற்றதை எல்லாம் விடப் பெரியது, அதனால் ஆக்காட்டியும் கல்கவுதாரியும் அங்கே ஒண்டியிருந்தன. என் தங்கச்சியும் அதை நம்பித்தான் இருந்தாள். புருஷன் போனபின் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பி வந்தவள். அய்யாவுக்கு முடியாமல் போனதும் மந்தையை அவளே பத்தினாள். அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்குக் கிடை போட அபிராமம் பக்கம் வரை போய் வருவாள். மற்ற மாதங்களில் மேய்ச்சலுக்கு அந்த ஒரு துண்டுதான். எனக்குக் குருவி, அவளுக்கு ஆடு. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இடம் திறந்து கிடக்க வேண்டும்.

அதற்கும் ஒருவன் வந்தான். இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்டான். ஊரணித் தண்ணீர் உப்பாகிவிடும் என்று ஊரே திரண்டது. கடற்கரை ஊர்ப் பாய்மார்கள்கூட வந்து எங்களோடு நின்றார்கள். அவர்கள் ஊர்க் கிணறு ஏற்கெனவே உப்பாகியிருந்தது. மறியல், மனு, மறுபடி மறியல். நான் லீவு போட்டுவிட்டு, நானே வழக்கமாக ஓட்டுகிற பேருந்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு அதை ஓட்டி வந்தவன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். முடிவில் குத்தகை இல்லை என்று ஆனது. அன்று நாங்கள் வெடி போட்டோம். வாழ்க்கையில் நான் சந்தோஷத்தில் அழுத நாள் அது ஒன்றுதான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாம் கெட்டது.

ஊராட்சித் தலைவர் என்னைவிட இளையவர், முறையில் எனக்கு மாப்பிள்ளை. கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்ல பையன், உழைப்பாளி, லஞ்சம் வாங்காதவன். பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டிப் பேசினார்.

"இத்தன பாடுபட்டு மீட்டிருக்கோம். இத இப்படியே விட்டா நாளைக்கு வேற ஒருத்தன் வந்து நிப்பான். சுத்தி அடச்சு வேலி போட்டு, உள்ள மரம் வச்சு, குருவிகளுக்குன்னே விட்டுருவோம். எங்க மாமாதான் குருவி குருவின்னு உசுர விடுறாரு. அவரு ஆசையும் நிறைவேறுனாப்புல ஆகும்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்னைப் பார்த்து வேறு தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "எந்தக் குருவிக்கு மாப்ள மரம்?"

"எல்லாக் குருவிக்குந்தான் மாமா."

"அங்கன இருக்குற குருவி மரத்துல உக்காராது. ஆக்காட்டிக்குக் கொப்பப் பிடிக்கப் பின்விரலே கெடையாது. அதுக்கு மரம்னாலே ஆகாது."

"வெரல் இல்லாட்டி என்ன மாமா, அடியில நெழல்ல உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. கேலியாகக்கூட இல்லை, பாசமாகத்தான் சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தங்கச்சி பின்னாலிருந்து கேட்டாள்: "அப்ப எம் ஆடு எங்கன போகும்?"

"ஆடு மேஞ்சா கன்னு எப்படி நிக்கும்? அதுபோக, குருவி முட்டைய ஆடு மிதிச்சிரும்ல" என்றார் தலைவர்.

தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆடு மிதித்து, மேய்ந்து, அந்தப் புல்லைக் கட்டையாக வைத்திருந்ததால்தான் அந்தக் குருவி அங்கே இருந்தது. முட்டையை மிதிக்காத ஆட்டை மிதிக்கும் என்று சொல்லி வெளியே தள்ளினார்கள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை; கெட்ட வார்த்தையும் வந்தது. ஓட்டுநருக்கு வெயிலில் சூடு ஏறிவிட்டது என்று யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதை வாங்கவில்லை.

வேலி வந்தது. கல் ஊன்றிக் கம்பி கட்டினார்கள். கம்பியோடு சேர்ந்து இருந்த கருவையை, அதுவும் காவலுக்கு ஆகட்டும் என்று வெட்டாமல் விட்டார்கள். உள்ளே வேம்பும் புங்கையும் வைத்து, ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள் வைத்தார்கள். வாசலில் பறவைப் பூங்கா என்று போர்டு. போர்டில் மயில், கிளி, ஒரு கொக்கு. அந்தப் பொட்டலில் முட்டை போட்டு வளர்ந்த ஒரு குருவியும் அந்தப் படத்தில் இல்லை.

ஆடு நின்றதும் புல் உயர்ந்து, சாய்ந்து, அழுகியது. அதற்குள் கருவை முளைத்தது. கொத்த யாரும் இல்லை. கன்றுகள் ஆள் உயரம் வந்தபோது காக்காய் வந்தது, மைனா வந்தது, தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து கத்தியது, மயிலும் வந்தது. தலைவர் என்னை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க மாமா, முன்ன இங்கன இத்தன பறவ உண்டுமா?"

இல்லை. அவர் சொன்னது நிஜம். எண்ணிப் பார்த்தால் இப்போதுதான் அதிகம். ஆனால் காக்காய்க்கு ஊரெல்லாம் வீடு, மைனாவுக்கு ஊரெல்லாம் வீடு. எங்கேயும் போக முடியாததை விரட்டிவிட்டு, எங்கேயும் பிழைக்கத் தெரிந்ததைக் குடியேற்றிவிட்டு, கணக்குக் காட்டுகிறார். நான் வண்டியில் ஏறிவிட்டேன். அன்று தொண்டி வரை பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன்.

கல்கவுதாரிகள் சில காலம் பழக்கத்தில் வந்தன. ஊரணிக்கு மேலே சுற்றும். இறங்கப் பார்க்கும். தண்ணீர் ஓரம் வரை கருவை மண்டிக் கிடந்ததால் கால் வைக்க வெட்டவெளி இல்லை. மறுபடி சுற்றும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, குடிக்க முடியவில்லை. பிறகு மேற்கே போய்விடும். ஒரு கோடைக்குப் பிறகு அவை வரவே இல்லை.

தங்கச்சி இரண்டு வருஷம் சாலையோரத்தில் மேய்த்துப் பார்த்தாள். லாரி அடித்துச் சில போயின. ஒரு நாள் வியாபாரியை வரச்சொல்லி மந்தையை மொத்தமாக ஏற்றிவிட்டாள். எனக்குச் சொல்லக்கூட இல்லை. வீட்டுக்குப் போனால் பட்டி காலியாகக் கிடந்தது. அவள் அதைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டிப் பக்கம் நண்டு உரிக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் என் வண்டியில்தான் ஏறுவாள். ஓட்டுநரின் தங்கச்சி என்று டிக்கெட் எடுக்காமல் வந்ததில்லை. கையில் நண்டு முள் குத்தின தடங்களோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள், பொட்டல் வரும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பாள்.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் நிறுத்தத்தின் ஓரத்தில் சரளை கொட்டிச் சமப்படுத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் மரமோ முள்ளோ இல்லாத வெட்டவெளி என்றால் அந்தச் சாலையோரம் ஒன்றுதான் மிச்சம். ஒரு வைகாசியில் ஒரு ஜோடி ஆக்காட்டி அங்கே வந்து முட்டை போட்டது. வண்டி போகிற தாரிலிருந்து இரண்டு எட்டு. தங்கச்சிதான் முதலில் பார்த்தாள். அன்று முதல் நான் நிறுத்தத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி ஆளை ஏற்றினேன். நடக்க வேண்டியிருக்கிறது என்று பெரிய மனுஷர்கள் திட்டினார்கள், நடத்துநர் முணுமுணுத்தார், டிப்போவுக்குப் புகார் போனது. போகட்டும் என்று விட்டேன். தங்கச்சி வண்டிக்குச் சீக்கிரமே வந்து அங்கே நிற்பாள். பாவப்பட்டு முள் கொண்டுவந்த ஒருவரிடம், "முள்ளு கிள்ளு வச்சிராதீக, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அவள் கெஞ்சியதை நான் கேட்டேன்.

அந்த மாதக் கடைசியிலேயே பூங்காவுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். வேலி போட்டு வருஷங்கள் ஆகியும் திறக்கப் பெரிய அதிகாரிக்கு அன்றுதான் நேரம் கிடைத்ததாம். நான் வண்டியோடு வரும்போது பந்தல், மைக்செட், வாழைமரம், எல்லாம் தயார். விழாவுக்கு வந்த ஜீப்புகளும் வேன்களும் சாலையோரத்துச் சரளையில் வரிசையாக நின்றன.

தங்கச்சி சாலை நடுவில் நின்று கை காட்டினாள். வண்டியை நிறுத்தினேன். ஜன்னல் அருகே வந்து, "ஏத்திட்டாங்கண்ணே" என்றாள். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு வேனின் பின்சக்கரத்துக்கு அடியில் ஈரமாக இருந்தது, ஓடு ஒட்டியிருந்தது. முட்டைகள் பொரிக்கிற தறுவாயில் இருந்திருக்கின்றன. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அந்த இரண்டு குருவியும் பந்தலுக்கு மேலே தாழப் பறந்து, சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. மைக்கில் பேசிய மனிதர் நல்ல தமிழில் சொன்னார்: "இதோ பாருங்கள், பறவைகளே நேரில் வந்து நம்மை வாழ்த்துகின்றன." கூட்டம் கை தட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துத் தட்டினார்கள்.

நான் வண்டியில் ஏறி ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். எடுக்கவில்லை. மைக் சத்தம் அமுங்கிப்போகிற அளவுக்கு அது அலறியது. நடத்துநர் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தலைவர் தோளில் துண்டோடு ஓடிவந்து, "மாமா, கூட்டம் நடக்குது மாமா, என்ன வேணும்னு சொல்லுங்க மாமா" என்று கும்பிட்டார். நான் வேனின் சக்கரத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. "பஞ்சரா மாமா?" என்று கேட்டார். நான் இன்னும் அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கை மரத்துப்போனது.

தங்கச்சி ஏறி வந்து என் பின்னால் நின்று, தோளில் கை வைத்தாள்.

"அதுக இம்புட்டு நேரம் தலைக்கு மேல கத்துனதே அவுக காதுல ஏறல. நீ அடிச்சா ஏறவா போகுது? வண்டிய எடுண்ணே. கம்பெனியில கேட்டச் சாத்திருவான்."